சுபநேரத்தில் கிளம்பிய ஜீப்

காலை எட்டு மணி இருபத்து நான்கு நிமிடம். வடக்கு நோக்கி நின்று புதுவருட வேலையைத் தொடங்கச் சுபநேரம் என்று பஞ்சாங்கம் குறித்திருந்த அந்த நிமிடத்தில்தான் எல்லாம் கெடத் தொடங்கியது. பட்டறை முற்றத்தில் ஒரு பழைய டீசல் ஜீப் உறுமிக்கொண்டு உயிர்பெற்றது. நின்றவர்கள் எல்லோரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை.

ஐம்பத்தாறு வயதில், கையில் இன்னும் தெம்பு இருக்கும்போதே ஏன் வேலையை விட்டு வந்தீர்கள் என்று என்னிடம் வேலை பழகியவர்கள் கேட்கிறார்கள். முதுகு வலி என்று ஒருவருக்குச் சொன்னேன். கண் பார்வை என்று இன்னொருவருக்குச் சொன்னேன். இரண்டும் பொய். உண்மையை ஒரே தடவையாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். கோபப்படாமல் எழுதுங்கள் என்று மனைவி சொல்கிறாள். முயன்று பார்த்தேன். வரவில்லை.

கண்டிக்கு அப்பால், மடுல்கெல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவன் நான். உயர்தரம் படித்தேன், தொழில்நுட்பக் கல்லூரியில் வாகனத் தொழில் படித்தேன், கட்டுகஸ்தோட்டையில் தோட்டக் கம்பனி ஒன்றின் வாகனப் பட்டறையில் சேர்ந்தேன். அங்கேயே ஃபிட்டராக இருந்து போர்மன் ஆனேன். பழகிய காலத்தைப் பற்றி அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை, ஒரேயொரு நாளைத் தவிர.

அன்று எங்கள் மூத்த ஃபிட்டர் பாக்கியம் அண்ணன் நொசில் சோதித்துக்கொண்டிருந்தார். இன்ஜெக்டரின் நுனியில் இருக்கும் நொசில்தான் டீசலை எஞ்சினுக்குள் விசிறுவது. அதைச் சோதிக்க இன்ஜெக்டரை மேசைமேல் இருக்கும் கைப்பம்பில் பூட்டிப் பிடியை அழுத்தினால், டீசல் புகைபோலச் சீறும். சீராக விசிறுகிறதா, நுனியில் சொட்டு நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பாக்கியம் அண்ணன் பேச்சுச் சுவாரசியத்தில் உள்ளங்கையை அதன் முன்னால் கொண்டுபோய்விட்டார். ஒரு சின்னப் புள்ளி, அவ்வளவுதான். இரத்தம்கூட வரவில்லை.

"நொளம்பு கடிச்சாக்கூட இதவிட வலிக்கும்டா" என்று சிரித்துவிட்டுச் சோற்றுப் பார்சலைப் பிரித்தார்.

மறுநாள் அந்தக் கை வேறொருவருடைய கையைப்போல இருந்தது. பலாச்சுளைபோல வீங்கி, விரல்கள் மடங்காமல், நடுவில் கறுத்து. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே ஓடிவிடுமாம். வெளியே காயம் தெரியாது, உள்ளே சதை செத்துக்கொண்டே போகும். அவருக்கு இரண்டு விரல்களை எடுத்தார்கள். அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை எங்கள் பட்டறை வாசலில் காவலாளியாக இருந்தார். என் மகள் தர்ஷினி சின்னவளாக இருந்தபோது அவரைப் பார்த்துப் பயப்படுவாள். அந்தக் கதையை அவளுக்கு நான் பல தடவை சொல்லியிருக்கிறேன். சொன்னது வீண்போகவில்லை.

இனி ஜீப்பைப் பற்றி.

என் மகளைவிட வயதில் மூத்த வண்டி அது. மடுல்கெல்லவுக்கு மேலே இருக்கும் எங்கள் கம்பனித் தோட்டத்தின் மருந்தகத்துக்காக ஓடியது. வேன் ஏறாத பாதையில், மழைக்கு மண் சரிந்து கிடக்கும் இடத்தில், நான்கு சக்கரமும் பிடித்து ஏறுவதற்கு அதை விட்டால் வேறு வண்டி இல்லை. தர்ஷினி அந்த மருந்தகத்தில்தான் மருத்துவமாது, பிரசவம் பார்ப்பவள். அவள் வேலைக்குப் போய்வருவதும் பெரும்பாலும் அதில்தான். அதனால் அந்த வண்டி பட்டறைக்கு வந்தால், மற்ற வண்டிகளைவிடக் கூடுதலாக ஒரு தடவை பார்ப்பேன். அதை ஒளிக்க வேண்டியதில்லை.

புதுவருட விடுமுறைக்கு முந்திய வாரம் அது வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு வந்தது. எஞ்சினில் தட்டும் சத்தம். ஒயில் அளவுக் கம்பியை உருவி மோந்து பார்த்தேன், டீசல் மணம். ஒயில் தண்ணீராய் ஓடியது. நான்கு இன்ஜெக்டர்களும் ஒழுகுகின்றன, எரியாத டீசல் கீழே இறங்கி ஒயிலோடு கலக்கிறது.

இந்த வேலையில் ஸ்பானரை எடுப்பதற்கு முன் தூரிகையை எடுக்க வேண்டும். இன்ஜெக்டர்களைச் சுற்றியிருக்கும் மண்ணையும் பிசுக்கையும் துலக்கி, காற்றடித்த பிறகுதான் பைப்பில் கை வைக்கலாம். ஒரு மணல் உள்ளே போனாலும் புது நொசில் வீண். பைப்புகளைக் கழற்றியதும் வாய்களை மூட வேண்டும். இன்ஜெக்டர் இறுகியிருந்தால் ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பக் கூடாது, நேரே மேலே இழுக்க வேண்டும். இழுத்த பிறகு துளைக்குள் டோர்ச் அடித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பழைய செப்பு வொஷர் அடியில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். அதைப் பார்க்காமல் புதிய வொஷரை அதன்மேல் போட்டுப் பூட்டியவர்கள் எனக்குத் தெரியும். பழைய வொஷரையே நெருப்பில் காய்ச்சி மறுபடி போடுபவர்களும் எனக்குத் தெரியும். செலவு மிச்சம் என்பார்கள். அந்த வண்டியில் அவர்களுடைய பிள்ளை போகவில்லை.

கழற்றிய இன்ஜெக்டர்களை நிஸாம் நானாவிடம் கொண்டுபோனேன். மடவளையில் டீசல் பம்ப் வேலைக்கென்றே கடை வைத்திருப்பவர். ஃபிட்டராக இருந்த காலத்திலிருந்து எனக்குப் பழக்கம். நான்குக்கும் புது நொசில் போட்டார். நான் கூடவே கொண்டுபோயிருந்த பைப்புகளையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூன்றாவது பைப்பில், நட்டுக்குக் கீழே, மயிரிழைபோல ஒரு கீறல்.

"இதக் குப்பைல போடுங்க போர்மன். பூட்டினா ஒங்களுக்குப் பெரிய வேல வெக்கும் இது" என்றார்.

புதுப் பைப் கொழும்பிலிருந்து விடுமுறை முடிந்துதான் வரும் என்றார்கள். நான் இன்ஜெக்டர்களைப் பூட்டினேன். இரண்டு பக்க நட்டையும் மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். கீறல் விழுந்த பைப்பைத் தூசு போகாமலிருக்க மட்டும் விரலால் திருகி வைத்துவிட்டு, ஸ்டீயரிங்கில் சிவப்புத் துணியைக் கட்டினேன். எங்கள் பட்டறையில் சிவப்புத் துணிக்கு ஓர் அர்த்தம்தான் உண்டு: இந்த வண்டியை எடுக்காதே. யார் கட்டினாரோ அவர்தான் அவிழ்க்க வேண்டும். இன்னொரு வழக்கமும் இருந்தது. இன்ஜெக்டர் வேலை முடிந்தால், எஞ்சினைச் சூடாக்கி, அட்டைத் துண்டை நீட்டிப் பிடித்து ஒழுக்குப் பார்த்து, ஆறவிட்டு மறுபடி இறுக்கி, அதன்பிறகு முதல் மலை ஏற்றத்துக்கு, வேலை செய்தவனே வண்டியில் ஏறிப் போக வேண்டும். நான் வருவதற்கு முன்பே இருந்த வழக்கம்.

எங்கள் முகாமையாளர் சந்திரசேகரன் சேருக்கு இதெல்லாம் தெரியாதது அல்ல. அவர் கெட்டவரென்றும் நான் சொல்ல மாட்டேன். ஒருநாளும் சத்தம் போட்டுப் பேசியதில்லை. வெள்ளைச் சட்டையில் ஒரு கறை இருந்ததில்லை. நாம் என்ன சொன்னாலும் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்பார். கேட்டு முடித்ததும், "நீங்க சொல்றது சரிதான் போர்மன்" என்பார். பிறகு, தான் நினைத்ததைச் செய்வார். மறுத்தால் சண்டை பிடிக்கலாம். சரி என்று சொல்பவரோடு எப்படிச் சண்டை பிடிப்பது? அவருக்குக் கீழே வேலை செய்த காலம் முழுவதும் இந்தக் கேள்விக்கு எனக்கு விடை கிடைக்கவில்லை.

நாள் நட்சத்திரத்தில் அவருக்கு மிகுந்த நம்பிக்கை. அதில் எனக்குக் குறை இல்லை. எங்கள் வீட்டிலும் சித்திரைப் பிறப்புக்கு நேரம் பார்த்துத்தான் பால் பொங்குகிறோம். ஆனால் பால் பொங்குவது வேறு. அந்த வருடம் அவர், தலைமை அலுவலகத்துக்கு வீடியோ அனுப்ப வேண்டும் என்று ஆசைப்பட்டார். சுபநேரத்தில் வடக்கு நோக்கி ஒரு வண்டி பட்டறையிலிருந்து வெளியேற வேண்டும். மருந்தக வண்டி என்றால் புண்ணியமும் சேரும். இதுதான் கணக்கு.

விடுமுறை முடிந்த அந்தக் காலையில் தர்ஷினியும் என்னோடு வந்தாள். மேலே கொண்டுபோக வேண்டிய தடுப்பூசிப் பெட்டி பட்டறை அலுவலகத்துக் குளிர்சாதனப் பெட்டியில் இருந்தது. நாங்கள் வாசலில் நுழைந்தபோது ஜீப்பின் முகம் வடக்கே திருப்பப்பட்டிருந்தது. சக்கரங்களுக்குக் கீழே எலுமிச்சம்பழம். பொனட்மேல் பாற்சோற்றுத் தட்டு. ஸ்டீயரிங்கில் என் சிவப்புத் துணி இல்லை, மல்லிகை மாலை இருந்தது.

டிரைவர் செல்வராஜைப் பிடித்தேன். "மூணாவது பைப்ப யாரு முடுக்குனது?"

"நான்தாண்ணே. சேர்தான் முடுக்கச் சொன்னாரு. நல்ல நாளும் அதுவுமா வண்டியில செவப்புத் துணி தொங்கக்கூடாதாம்."

"அந்தப் பைப் வெடிச்சிருக்குடா."

"எனக்கு யாருண்ணே சொன்னா?"

அவன் சொன்னதும் நியாயம். சேரிடம் போனேன். பைப்பைப் பற்றிச் சொன்னேன். எஞ்சினைச் சூடாக்கவில்லை, ஒழுக்குப் பார்க்கவில்லை என்று சொன்னேன். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"நீங்க சொல்றது சரிதான் போர்மன். சும்மா ஸ்டார்ட் பண்ணுவோம். நேரம் போகுது பாருங்க."

எட்டு இருபத்து நான்குக்கு ஸ்டார்ட் செய்தார்கள். ஒழுகவில்லை. குளிர்ந்த எஞ்சின், மெதுவான ஓட்டம், ஒழுகாதுதான். அதைக் காட்டி அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். சுபநேரத்தில் எடுத்த வண்டியை அணைக்கக் கூடாது என்றார். அப்படியே வெளியே போகட்டும் என்றார். நான் மகளிடம் ஓடினேன்.

"நீ இதுல ஏறாத. பஸ்ல போ."

"தடுப்பூசிப் பெட்டியத் தூக்கிக்கிட்டு எப்படிப்பா பஸ்ல போறது? பன்வில வரைக்கும் நின்னுக்கிட்டே போகணும். அங்க போறதுக்குள்ள ஐஸ் உருகிரும்."

"அப்ப நானும் வாறேன்."

நான் வண்டியில் கால் வைத்தபோது பின்னாலிருந்து சேரின் குரல். "போர்மன், விளக்கேத்தணுமே. நீங்க இல்லாம எப்படி? வேர்க்ஷொப்புக்கு மூத்தவர் நீங்கதானே."

சபையில் வைத்துச் சொன்னார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தர்ஷினி என் காதருகில் குனிந்து, "விடுங்கப்பா. மெதுவாப் போறோம். ஏதாவதுன்னா நிப்பாட்டிருவோம்" என்றாள். வண்டி வாசலைத் தாண்டியது. என் கையில் யாரோ ஒரு திரியைக் கொடுத்தார்கள். முதல் ஏற்றத்துக்கு வண்டியில் இருக்க வேண்டியவனை விளக்கேற்ற நிறுத்திவைத்தார்கள். இன்று நினைத்தாலும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

பாற்சோறு பகிர்ந்துகொண்டிருந்தபோது என் ஃபோன் அடித்தது.

"அப்பா, பதறாதீங்க. பன்வில தாண்டி மேட்டுல நிக்கிறோம். டீசல் வாசம் அடிச்சிச்சு, வண்டிய நிப்பாட்டி, எஞ்சின அணைக்காமலே பொனட்டத் தொறந்தோம். நான் தொடல்லப்பா. செல்வராஜ் அண்ணன் முறுக்கிப் பாத்தாரு, நான் அரைச் சாண் தள்ளியே அங்கதான் ஒழுகுதுன்னு விரல நீட்டுனேன். எறும்பு கடிச்ச மாதிரி இருந்திச்சு. பாக்கியம் மாமா ஞாபகம் வந்திச்சு. அதான் எடுத்தேன்."

"எந்தக் கை?"

"வலது. ஆள்காட்டி விரல்."

பிரசவம் பார்க்கிற கை. குழந்தையின் தலை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்கிற விரல்.

நான் சேரிடம் ஓடினேன். முற்றத்தில் இரண்டு வேன்கள் நின்றன. ஒன்றைக் கொடுங்கள், பிள்ளையைக் கண்டிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றேன். என்ன காயம் என்று கேட்டார். சொன்னேன்.

"முள்ளுக் குத்துன மாதிரியா?"

"பாக்கியம் அண்ணனுக்கு ரெண்டு விரல் போனது இதுலதான் சேர்."

"நீங்க சொல்றது சரிதான் போர்மன். இந்தா, வெளக்கு எரிஞ்சு முடியட்டும். மத்த வண்டியெல்லாம் அதுக்கப்புறம்தான் எடுக்கலாம்."

நான் என்ன பதில் சொன்னேன் என்பது இங்கே எழுதக்கூடியது அல்ல. வாசலுக்கு வெளியே போய் நிஸாம் நானாவுக்கு ஃபோன் எடுத்தேன். டீசல் பட்டது என்று நான் வாய் திறந்ததுமே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"அல்லாஹ்வே! மகள் எங்க ஈக்கிறா? நீங்க கண்டிக்குப் போங்க. நான் ஏத்திக்கொண்டு வாறன். விரல அமுக்க வேணாம்னு சொல்லுங்க."

பாதியில் கடையை விட்டுவிட்டு அவர் வேனில் மேலே போனதையும், வத்தேகம வழியாகப் பறந்து வந்ததையும் பிறகு கேட்டேன். தடுப்பூசிப் பெட்டியையும் ஏற்றினால்தான் வருவேன் என்று இவள் அடம்பிடித்தாளாம். "ஒங்கட மகளுக்கு விரலவிட ஊசி பெருசு போர்மன்" என்று அவர் என்னிடம் கோபித்துக்கொண்டார். வரும் வழியில் வத்தேகமயில் தெரிந்த மருந்தகம் ஒன்றில் அந்தப் பெட்டியை ஒப்படைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள்.

கண்டி வைத்தியசாலையில் விடுமுறை வெறுமை இன்னும் தீரவில்லை. முதலில் பார்த்தவர் விரலைத் துடைத்து, ஏற்புத் தடுப்பு ஊசி போட்டு, பிளாஸ்டர் ஒட்டி, போய் உட்காருங்கள் என்றார். அப்போது விரல் வெளிறி, கொஞ்சம் தடித்திருந்தது, அவ்வளவுதான். தர்ஷினி விடவில்லை. கடமையிலிருந்த இளம் டொக்டரிடம் போய், என்ன பட்டது, என்ன அழுத்தத்தில் பட்டது என்று வைத்தியப் பாஷையிலேயே சொன்னாள். அவர் நல்ல மனிதர். பிளாஸ்டரைக் கழற்றி, நுனியை அழுத்திப் பார்த்து, தெரியுதா என்று கேட்டார். "மரத்திருக்கு" என்றாள் இவள். அவர் முகம் மாறியது. வீட்டுக்குப் போயிருந்த சத்திரசிகிச்சை நிபுணருக்கு உடனே ஃபோன் எடுத்தார்.

காத்திருந்த அந்த நேரத்தைப் பற்றி எழுத எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. பிள்ளையின் விரல் கண்முன்னே தடித்துக்கொண்டே போகிறது. அவள் என்னைத் தேற்றுகிறாள். நிஸாம் நானா வாங்கிவந்த தேத்தண்ணி மூன்று கோப்பையும் ஆறிப்போய்க் கிடக்கிறது.

நிபுணர் யாழ்ப்பாணத்துக்காரர். வீட்டில் கட்டியிருந்த வேட்டியோடே வந்தார். விரலைப் பார்த்தார்.

"எப்ப நடந்தது?"

சொன்னோம்.

"சாப்பிட்டனீங்களோ பிள்ளை?"

"காலையில மட்டும் டொக்டர்."

"சரி. இப்பவே திறக்க வேணும். நாளைக்கு வருவம் எண்டு வீட்டை போயிருந்தால் விரலை மறந்திருக்க வேண்டியதுதான்." பிறகு என்னைப் பார்த்து, "நீங்கள் தகப்பனோ? இருங்கோ. நிண்டு என்ன செய்யப் போறியள்?" என்றார்.

விரலை நுனியிலிருந்து உள்ளங்கைவரை திறந்து கழுவினார்கள். இரண்டு நாள் கழித்து மறுபடியும் திறந்து கழுவினார்கள். விரல் இருக்கிறது. முழுதாக மடங்காது. நுனியில் உணர்ச்சி இல்லை. மேலே தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிள்ளை பிறக்கும்போது இப்போது இடது கையால் தொட்டுப் பார்க்கிறாள். பழகிட்டேன்ப்பா என்கிறாள். எனக்குப் பழகவில்லை. அவள் சோற்றைப் பிசையும்போது அந்த ஒரு விரல் மட்டும் தனியே நீட்டிக்கொண்டு நிற்பதை நான் பார்க்காதவன்போல இருக்கிறேன். அவள் மாலையில் வீடு திரும்பும்வரை ஃபோனைக் கீழே வைப்பதில்லை.

புதுப் பைப் பிறகு வந்தது. நானே பூட்டினேன். சூடாக்கி, அட்டை பிடித்துப் பார்த்து, ஆறவிட்டு, மறுபடி இறுக்கி, மடுல்கெல்லவரை ஏறிப் போய்வந்தேன். அதுதான் அந்தப் பட்டறையில் நான் செய்த கடைசி வேலை. இப்போது அங்கே வேலை செய்கிறவர்களுக்குச் சொல்வது இதுதான்: நேரம் பாருங்கள், விளக்கேற்றுங்கள், பாற்சோறு தின்னுங்கள். ஆனால் சிவப்புத் துணி கட்டியவனைத் தவிர வேறு எவனையும் அதை அவிழ்க்க விடாதீர்கள். முகாமையாளர் வந்தாலும் சரி.

அவர் வந்ததையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது தடவை திறந்து கழுவிய அன்று, பார்வையாளர் நேரம் முடியப்போகும் வேளையில், சந்திரசேகரன் சேர் வார்டுக்குள் வந்தார். வெள்ளைச் சட்டை. கையில் ஒரு பை தோடம்பழம். கட்டில் அருகில் நின்று, கட்டுப் போட்ட கையைத் தலை சாய்த்துப் பார்த்தார். தர்ஷினி எழுந்திருக்கப் பார்த்தாள், வேண்டாம் என்று கையமர்த்தினார். விரல் தப்பிவிட்டது என்று நான் சொன்னேன். அந்தப் பைப் வெடித்திருக்கிறது என்று அன்றைக்கே சொன்னேனே சேர் என்றும் சொன்னேன்.

"நீங்க சொன்னது சரிதான் போர்மன்" என்றார். பழப் பையை மேசையில் வைத்துவிட்டு, என் தோளைத் தட்டினார். "ஆனா பாருங்க, நல்ல நேரத்துல எடுத்த வண்டி. அதனாலதான் விரலோட போச்சு."